ஊர் லாரியெல்லாம் என் பெயரில்

எனக்கு யாரையும் புகழ்ந்து பேச வராது. இருபத்தெட்டு வருஷமாக டிரெய்லர் ஓட்டுகிறேன். திட்டித் திட்டியே பழகிப்போன வாய் இது. அப்பேர்ப்பட்ட நான் ஒரு பெண்ணைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்ல உட்கார்ந்திருக்கிறேன் என்றால் அதில் விஷயம் இல்லாமல் இருக்குமா? அவள் பெயர் இந்துமதி. கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதுகிறவள். நான் பால்துரை, தூத்துக்குடி துறைமுகத்துக்குக் கண்டெய்னர் ஏற்றிப் போகிற டிரைவர்.

துறைமுகம் போகிற சாலையில் ஒரு தனியார் லாரி யார்டு இருக்கிறது. கப்பலில் ஏறப்போகிற கண்டெய்னர்களில் பாதி அங்கே நின்று பேப்பர் சரிபார்த்த பிறகுதான் உள்ளே போகும். முன்பெல்லாம் வண்டியை ரோட்டோரம் வரிசையில் போட்டுவிட்டு வெயிலில் காய்வோம். யார் முந்தி வந்தது என்று அங்கே நடந்த சண்டையெல்லாம் சொல்லி மாளாது. பிறகு யார்டுக்காரர்கள் ஒரு வெப்சைட் கொண்டுவந்தார்கள். டிரைவர் தன் ஃபோன் நம்பரைப் போட்டால் ஓடிபி வரும். அதைத் தட்டினால் உள்ளே விடும். வண்டி நம்பர், கண்டெய்னர் நம்பர், எந்த நேரத்துக்கு வருகிறோம் என்று கொடுத்தால் டோக்கன் கிடைக்கும். கேட்டில் டோக்கனில் வண்டி நம்பர் சரியா என்று மட்டும்தான் பார்ப்பார்கள். டோக்கன் எடுத்துவிட்டு அந்த நேரத்துக்கு வண்டி வராவிட்டால் டிரைவர் பெயரில் ஒரு கரும்புள்ளி விழும். புள்ளி கூடிப்போனால், கேட்டில் காட்டி உள்ளே போகிற அவனுடைய பாஸ் முடங்கிவிடும்.

எங்கள் ஆட்களில் பாதிப் பேர் கையில் பட்டன் ஃபோன்தான். டச் ஃபோன் வைத்திருக்கிறவனுக்கும் காலையில் சார்ஜ் இருக்காது. இதைப் பார்த்துவிட்டு, யார்டுக்கு எதிரே டீக்கடை போட்டிருக்கும் செண்பகம் தன் பழைய டச் ஃபோனை பாய்லர் பக்கத்துத் தூணில் நைலான் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டாள்.

"டோக்கன் போடணும்னா இதுல போட்டுக்கிடுங்க. கயித்த மட்டும் அறுத்துக்கிட்டுப் போயிராதீய" என்றாள்.

முதல் நாள் அந்த வெப்சைட் யாருக்கும் திறக்கவில்லை. சுற்றிக்கொண்டே இருந்தது. ஆளாளுக்குத் தட்டிப் பார்த்துக் கைவிட்ட பிறகு நான் போய்த் தட்டினேன். டக்கென்று டோக்கன் வந்துவிட்டது. அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். "அண்ணாச்சி கை ராசிக் கை, காலைல போணி அண்ணாச்சிதான் பண்ணணும்" என்று சட்டமே போட்டுவிட்டார்கள். நான் போய் என் நம்பரைப் போட்டு என் டோக்கனை எடுத்தால்தான் மற்றவன் ஃபோனைத் தொடுவான். எனக்குப் பிறகு தாணுலிங்கம், அவனுக்குப் பிறகு இன்னொருவன் என்று ஃபோன் கை மாறிப் போகும். ஒருநாள் நான் பல்வலியால் பிந்தி வந்தேன். அத்தனை பேரும் டீயை ஆறவைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார்கள் என்றால் பாருங்களேன். எனக்கும் உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது.

ஒருநாள் கேட்டில் செக்யூரிட்டி என் பாஸை ஸ்கேன் செய்தான். சிவப்பு எரிந்தது.

"லாக் ஆயிருக்கு அண்ணாச்சி. மேனேஜரப் பாருங்க."

மேனேஜர் சத்தியராஜ் தன் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார். என் பெயரில் டோக்கன் போட்டு வராமல் போன வண்டிகள் மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே இருந்தன. நான் ஒருநாளும் ஓட்டாத வண்டி நம்பர்கள்.

"நான் ஓட்டுறது ஒத்த வண்டிய்யா! இதெல்லாம் யாரு வண்டி?"

"அத நீருதான் சொல்லணும். வெளி ஆளுகளுக்கு டோக்கன் எடுத்து வித்திருக்கீரு. இதுக்குத்தான் பாஸ லாக் பண்ணியிருக்கு."

எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அந்த ஆள் மேஜையில் இருந்த பேனா ஸ்டாண்டை எடுத்து வீசியிருப்பேன். வீசவில்லை, அவ்வளவுதான். கம்ப்யூட்டர் தப்பாகச் சொல்கிறது என்றேன். கம்ப்யூட்டர் எதுக்கு உம்மப் பத்தித் தப்பாச் சொல்லப் போகுது என்று கேட்டுவிட்டு அவர் ஃபோனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

நான் ஓட்டுகிற வண்டி காயல்பட்டினத்து முஹ்யித்தீன் காக்காவுடையது; அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். நல்ல மனுஷர். ஆனாலும் அவர் என்ன செய்வார்? "பால்துரை, பாஸ் இல்லாம வண்டி உள்ள போகாதே. இந்த வாரம் பாக்கேன். அதுக்கு மேல வேற ஆளத்தான் போடணும். தப்பா நெனைக்காதீங்க" என்றார். எனக்கு ஐம்பத்து நாலு வயது. டோக்கன் விற்றவன் என்ற பெயரோடு போனால் இந்தக் கரையில் எவன் எனக்குச் சாவி கொடுப்பான்?

செண்பகம்தான் வழி காட்டினாள். "அந்த வெப்சைட்ட எழுதினது ஒரு பொம்பளப்பிள்ளை. கடற்கரை ரோட்டுல வடக்கயித்துக் கடை மாடியில இருக்கா. போய் நல்லவிதமாக் கேளுங்க" என்றாள். நல்லவிதமாக என்பதை இரண்டு தடவை சொன்னாள். எனக்கு ஒரு தடவைகூட ஏறவில்லை. மாடிப்படியில் ஏறும்போதே கத்த ஆரம்பித்துவிட்டேன்.

உள்ளே ஒரு பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே, "ஒரு நிமிசம் இருங்க அண்ணாச்சி, இவனைத் திட்டி முடிச்சிட்டு வாரேன். பெறகு நீங்க என்னையத் திட்டலாம்" என்றாள்.

என் ஆயுசில் யாரும் என் கோபத்தை இப்படி வரிசையில் நிற்க வைத்ததில்லை.

அவள் கதையைப் பிற்பாடு தெரிந்துகொண்டேன். ஆறுமுகநேரிக்காரி. அப்பா உப்பளத்தில் வேலை பார்த்தவர். நாசரேத்தில் ஹாஸ்டலில் தங்கி கம்ப்யூட்டர் படித்தாள். படித்ததற்கும் பார்த்த வேலைக்கும் சம்பந்தம் இல்லை. கல்யாணமாகித் தூத்துக்குடி வந்து, கப்பல் ஏஜென்ட் ஆபீஸ் ஒன்றில் பில் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். அந்த ஆபீஸ் வெப்சைட்டைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் சென்னைக்குப் போய்விட்டான். வெப்சைட் படுத்துவிட்டது. முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு நின்றபோது இவள், "நான் வேணும்னா தெறந்து பாக்கட்டா சார்?" என்று கேட்டிருக்கிறாள். திறந்தவள் மூடவே இல்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், பஸ்ஸில், பிள்ளையைத் தூங்கப் போட்ட பிறகு என்று கிடைத்த நேரத்திலெல்லாம் படித்து, இப்போது தானே ஒரு ரூம் எடுத்து உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்காரர் ஜெயகணேஷ் இழுவைப் படகில் மெக்கானிக். "எஞ்சின் சத்தம் போட்டா நான் திட்டுவேன், கம்ப்யூட்டர் சத்தமே போடாம இருந்தாலும் இவ திட்டுதா" என்பார்.

அன்றைக்கு நான் சொன்னதை அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். பொரிகடலை டப்பாவை என் பக்கம் தள்ளினாள். தலைமேல் ஏற்றி வைத்திருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு என்னவோ தட்டினாள். பிறகு கேட்டாள்:

"இந்த டோக்கன் எல்லாம் ஒரே ஃபோன்ல இருந்து வந்திருக்கு. அது யாரு ஃபோன்?"

"செண்பகத்துக்குள்ளது. டீக்கடையில கட்டிப் போட்டிருக்கு."

"கட்டிப் போட்டிருக்கா?"

"ஆமா, தூண்ல."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "காலைல அங்கன வாரேன். நீங்க தினமும் என்ன செய்வீயளோ அதையே செய்ங்க. ஒண்ணையும் மாத்தாதீய" என்றாள்.

சொன்னபடி வந்தாள். பெஞ்சில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு டீ குடித்தபடி உட்கார்ந்துகொண்டாள். என் பாஸ்தான் கேட்டில் முடங்கியிருந்ததே தவிர, வெப்சைட் இன்னும் என்னை உள்ளே விட்டுக்கொண்டுதான் இருந்தது. "வண்டி ஓடுனா என்ன ஓடாட்டி என்ன, கை பட்டாப் போதும் அண்ணாச்சி" என்று பயல்கள் என்னை விடவும் இல்லை. நான் போணி பண்ணினேன். என் நம்பர், என் ஓடிபி. ஃபோனைத் தாணுலிங்கத்திடம் கொடுத்தேன். அவன் தன் வண்டி நம்பரைத் தட்ட ஆரம்பித்தான்.

இந்துமதி எழுந்து நின்றுவிட்டாள். "அண்ணே, உங்க ஃபோன் நம்பர எங்க போட்டிய?"

"அதெல்லாம் கேக்காது தாயி. அண்ணாச்சி தெறந்துட்டாருன்னா எல்லாருக்கும் தெறந்துரும்."

"மேல 'வணக்கம் பால்துரை'ன்னு போட்டிருக்கே? உங்க பேரா அது?"

"அண்ணாச்சி பேரு. நாங்களும் பாத்தோம். ராசிக்கு இருக்கட்டும்னு விட்டுட்டோம்."

கடையில் இருந்த அத்தனை பேரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். ஒருத்தன், "அந்தப் பேரு இருந்தா டோக்கன் சட்டுனு வருது" என்று சாட்சி வேறு சொன்னான். இந்துமதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டாள். செண்பகம், "ஏளா, என்னளா ஆச்சு?" என்று தண்ணீர் செம்பை நீட்டினாள். தண்ணீரைக் குடித்துவிட்டு நிமிர்ந்தபோது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"தப்பு எனக்குள்ளது அண்ணாச்சி" என்றாள்.

பிறகு எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். நாம் வெப்சைட்டுக்குள் நுழைந்ததும், அந்தப் பக்கம் இருக்கிற சர்வர் நமக்குப் பதில் அனுப்பும்போதே ஒரு சின்னச் சீட்டையும் சேர்த்து அனுப்புமாம். அதற்குக் குக்கி என்று பெயர். ஃபோனில் இருக்கிற பிரவுசர் அதை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளும். அதற்கப்புறம் நாம் எதைத் தட்டினாலும், கேட்காமலே அந்தச் சீட்டையும் கூடவே கொண்டுபோய்க் காட்டும். சர்வர் சீட்டைப் படித்துப் பார்த்து, ஓ இது இன்னார் என்று எடுத்துக்கொள்ளும். ஜாவாஸ்கிரிப்ட் என்கிற மொழியை சர்வரில் ஓடவைத்து, சீட்டை எழுதுகிறதும் படிக்கிறதுமான அந்த வேலையைச் செய்ய வைத்தது இவள்தான்.

"சர்வருக்கு மொகம் தெரியாது. சீட்டுதான் தெரியும். சீட்டுல பால்துரைன்னு இருந்தா, தட்டுறது தாணுலிங்கமா இருந்தாலும் அவனுக்குப் பால்துரைதான். தாணுலிங்கம் வண்டி நேரத்துக்கு வராட்டி, புள்ளியும் பால்துரை பேர்லதான் விழும்" என்றாள்.

"அப்போ அந்தச் சீட்ட உடனே கிழிச்சிப் போட வேண்டியதுதானே?" என்று கேட்டேன். கொஞ்சம் சூடாகத்தான் கேட்டேன்.

"உங்களுக்கு நல்லது செய்யுதோம்னு நெனச்சி ராத்திரி வரைக்கும் இருக்கட்டும்னு எழுதினேன் அண்ணாச்சி. இங்கன சிக்னல் மோசம், ஓடிபி வர நேரமாகும். ஒருதடவ போட்டா அன்னைக்குப் பூரா போதும்னு நெனச்சேன். ஒரு ஃபோனுக்கு ஒரு ஆளுதான் இருப்பாங்கன்னு எழுதிட்டேன். இப்படி ஒரு ஃபோன ஊரே வச்சிருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல."

அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து மாற்ற ஆரம்பித்தாள். டோக்கன் கொடுத்த மறு நொடியே சீட்டை அழித்துவிட வேண்டும், அடுத்த ஆள் தன் நம்பரைப் போட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று எழுதினாளாம். அழிப்பது என்றால், போய்ப் பிடுங்குவது இல்லை; அதே பெயரில், காலம் முடிந்துபோன சீட்டு ஒன்றை சர்வர் அனுப்பும், அதைப் பார்த்துப் பிரவுசர் பழையதைத் தூக்கிப் போட்டுவிடும். "இப்பப் போடுங்க" என்றாள். நான் போட்டேன். டோக்கன் வந்தது. தாணுலிங்கம் ஃபோனை வாங்கினான்.

'வணக்கம் பால்துரை' என்றது ஃபோன்.

"உன்னய!" என்று இந்துமதி லேப்டாப்பின் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். பயல்கள் கொல்லென்று சிரித்தார்கள். ராசிக் கையை அழிக்க முடியுமா தாயி என்று ஒருவன் வம்புக்கு இழுத்தான். அவள் காதில் எதுவும் விழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு வரி வரியாகப் பார்த்தாள். திடீரென்று தன் நெற்றியில் அடித்துக்கொண்டாள். சீட்டை எழுதும்போது, இதை டோக்கன் பக்கத்துக்குப் போகும்போது மட்டும் காட்டு என்று எழுதியிருக்கிறாள். அழிக்கும்போது அதைச் சொல்ல மறந்துவிட்டாள். எந்தப் பக்கத்துக்கு என்று சொல்லாவிட்டால், பிரவுசர் அதை வேறு சீட்டு என்று நினைத்துக்கொண்டு பழையதைத் தொடாமல் விட்டுவிடுமாம். எங்கள் யார்டில் ஒன்றாம் கேட் பாஸை இரண்டாம் கேட்டில் கொண்டுபோய்க் கேன்சல் செய்கிற மாதிரி. அந்த ஒரு இடத்தைத் திருத்தினாள். மறுபடி நான் போட்டேன். தாணுலிங்கம் வாங்கிப் பார்த்தான்.

"நம்பரக் கேக்குது!" என்றான், என்னமோ லாட்டரி விழுந்த மாதிரி.

நானும் இந்துமதியும் நேரே மேனேஜர் அறைக்குப் போனோம். சத்தியராஜ் முழுக்கக் கேட்டார். கெட்ட மனுஷர் இல்லை, ஆனால் மேலே பதில் சொல்ல வேண்டியவர். நாற்காலியில் சாய்ந்துகொண்டு ஒரு வழி சொன்னார்.

"இங்க பாருங்கம்மா. சாப்ட்வேர்ல தப்புன்னு நான் எழுதினா ஹெட் ஆபீஸ்ல உங்களத்தான் குடைவாங்க. அடுத்த வேலைய உங்களுக்குத் தாரதுன்னு பேசிட்டிருக்காங்க, அது கெட்டுப்போவும். டிரைவர்மாரு ஃபோன மாத்தி மாத்தி உபயோகிச்சாங்க, பால்துரைய எச்சரிச்சி இந்த ஒரு தடவ மன்னிச்சி விட்டாச்சுன்னு போட்டுருதேன். பாஸ் இன்னைக்கே ஓப்பன் ஆயிரும். அந்த டீக்கடை ஃபோன மட்டும் எடுக்கச் சொல்லிருவோம். யாருக்கும் வம்பு இல்ல."

எனக்கு உயிர் வந்தது. எச்சரித்தால் என்ன, மன்னித்தால் என்ன, கேட் திறந்தால் போதாதா? "சரின்னு சொல்லும்மா" என்று நான்தான் அவளை அவசரப்படுத்தினேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம்.

இந்துமதி அசையவில்லை.

"தப்பே செய்யாத ஆளுக்கு எதுக்கு சார் மன்னிப்பு?" என்றாள். "புரோகிராம் தப்பு, எழுதினது இந்துமதின்னு போடுங்க. அவரு பேர்ல விழுந்த புள்ளி பூராவும் அழியணும். ஃபோனும் அங்கனயே இருக்கட்டும். பட்டன் ஃபோன் வச்சிருக்கவங்க பெறகு எங்க போவாங்க?"

"யோசிச்சிச் சொல்லுங்கம்மா."

"யோசிச்சிட்டேன் சார்."

அவர் கம்ப்யூட்டரைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு அவள் சொன்னபடியே தட்டினார். அன்று மத்தியானமே என் பாஸில் பச்சை எரிந்தது. காக்கா சாவியைக் கொடுத்தார்; கொடுக்கும்போது என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அடுத்த நாள் கண்டெய்னரோடு கேட்டைத் தாண்டி உள்ளே போனபோது, தனியாக வண்டிக்குள் உட்கார்ந்து சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஹெட் ஆபீஸ்காரர்கள் அடுத்த வேலையைக் கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றுக்குக் கொடுத்துவிட்டார்கள். செண்பகம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கேட்டதும் ஒரு கோபம் வந்தது பாருங்கள். அந்தக் கோபத்தோடு மறுபடி அந்த மாடிப்படியில் ஏறினேன்.

"உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? நான்தான் மன்னிப்பே போதும்னேனே! எவனோ எதையோ எழுதிட்டுப் போறான். எனக்குப் பாஸ் வந்திருக்கும், உனக்கு வேலையும் இருந்திருக்கும்லா?"

அவள் கம்ப்யூட்டரிலிருந்து திரும்பி, கண்ணாடியைத் தலைமேல் ஏற்றினாள்.

"பாஸ் வந்திருக்கும் அண்ணாச்சி. ஆனா மன்னிச்சி விட்டாச்சுன்னு எழுதினா, டோக்கன் வித்து மாட்டினாருன்னுதான் படிக்கிறவங்க எடுத்துக்கிடுவாங்க. அது உங்க பேர்ல காலத்துக்கும் இருந்திருக்கும். நீங்க எப்ப கேட்டுக்கு வந்தாலும் நான் எழுதின புரோகிராம் அதச் சொல்லிக்கிட்டே இருக்கும். எனக்கு எப்படித் தூக்கம் வரும்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "வித்திருக்கீரு" என்று மேனேஜரே முடிவு கட்டிவிட்டார். "நெசமாவே இல்லையே?" என்று காக்கா கேட்டார். என் கூடப்பிறந்த அண்ணன் ஊரிலிருந்து ஃபோன் போட்டு, "வித்துட்டியால?" என்று கேட்டான். இந்தப் பிள்ளை மட்டும், நான் முதல் நாள் வாய்க்கு வந்தபடி கத்திக்கொண்டு போய் நின்றபோதுகூட, அதைக் கேட்கவே இல்லை. யாரு ஃபோன் என்றுதான் கேட்டாள்.

"நல்லா இரு தாயி" என்றேன். படி இறங்கி வந்துவிட்டேன்.